தானாக வந்து சேரட்டும், தானாக வெளியாக வேண்டாம்: வலைப்பூவில் ஓடைகளைத் தொகுப்பது எப்படி?

வார இறுதியில் கொழும்பில் என்னென்ன தமிழ் நிகழ்வுகள் நடக்கின்றன என்று ஒரே இடத்தில் பார்ப்பது லேசான காரியம் இல்லை. வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க மண்டபத்தில் ஒரு நூல் வெளியீடு இருக்கும். அதே மாலையில் கொட்டாஞ்சேனையில் ஒரு நாடகம், பம்பலப்பிட்டியில் ஒரு கச்சேரி. ஒவ்வொருவரும் தத்தம் தளத்தில் அறிவித்திருப்பார்கள். நமக்குத் தெரியவருவதோ மறுநாள் வாட்ஸ்அப்பில் பொன்னாடை போர்த்தும் படங்கள் வந்த பிறகுதான். "இதையெல்லாம் நானே ஒரு வலைப்பூவில் திரட்டிப் போட்டால் என்ன?" என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், நல்ல யோசனைதான். அதற்கான கருவி 20 ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. காசும் கேட்பதில்லை.

அந்தக் கருவி ஓடை. ஃபீட் என்றும் ஆர்எஸ்எஸ் என்றும் சொல்வார்கள். ஒரு தளத்தில் புதிதாக ஏறும் பதிவுகளின் பட்டியல், கணினி நிரல் வாசிக்கக்கூடிய வடிவில் இருப்பதுதான் ஓடை. 1999 இல் நெட்ஸ்கேப் நிறுவனம் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. இன்று அதிகம் காணப்படும் ஆர்எஸ்எஸ் 2.0 வந்தது 2002 இல். ஆட்டம் என்ற இன்னொரு வடிவம் 2005 இன் கடைசியில் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. உங்களுக்கு இரண்டில் எது கிடைத்தாலும் ஒன்றுதான், எல்லாக் கருவிகளும் இரண்டையும் வாசிக்கும்.

தமிழில் இது பழகிய வேலையும்கூட. 2004 இல் தொடங்கிய தமிழ்மணம் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பூக்களை ஓடைகளை வைத்துத்தான் ஒரே பக்கத்தில் திரட்டியது. தலைப்பும் முதல் சில வரிகளும் அங்கே இருக்கும். முழுவதையும் வாசிக்க வேண்டுமென்றால் எழுதியவரின் வலைப்பூவுக்குத்தான் போக வேண்டும். எழுதியவருக்கும் வாசகர் கிடைத்தார், திரட்டிக்கும் வேலை இருந்தது. அந்த அளவு சரியான அளவு என்றே இன்றும் நினைக்கிறேன். இந்த வழிகாட்டியும் அந்த அளவை ஒட்டியே போகிறது: பிறர் பதிவுகள் உங்களிடம் தானாக வந்து சேரலாம், ஆனால் உங்கள் வலைப்பூவில் வெளியாவது உங்கள் கண்ணில் பட்ட பிறகுதான்.

எதைத் திரட்டப் போகிறீர்கள்?

இதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். "கொழும்பில் அடுத்த 2 வாரங்களில் நடக்கும் தமிழ் இலக்கிய, நாடக, இசை நிகழ்வுகள்" என்பது நல்ல வரி. "இலங்கைச் செய்திகள்" என்பது நல்ல வரி அல்ல. அதற்கு வீரகேசரியும் தினகரனும் தினக்குரலும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கின்றன. உங்கள் வலைப்பூ அவற்றின் மங்கலான நகலாகத்தான் முடியும். குறுகிய பொருளை எடுத்தால், ஏழெட்டு ஓடைகளே போதும்.

ஓடையின் முகவரியைக் கண்டுபிடிப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஒரு காலத்தில் தளங்களில் செம்மஞ்சள் நிறத்தில், ஒரு புள்ளியிலிருந்து இரண்டு வளைவுகள் கிளம்புவது போன்ற ஒரு சின்னம் இருக்கும். அதை அழுத்தினால் போதும். இப்போது பல தளங்கள் அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டன. ஃபயர்பொக்ஸ் உலாவியும் 2018 டிசம்பரில் ஓடைகளைக் காட்டும் வசதியை நீக்கிவிட்டது. ஆனால் சின்னம் போனதே தவிர ஓடை பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கிறது.

தளம் வேர்ட்பிரஸ் என்ற, தளம் அமைக்கும் மென்பொருளில் இயங்கினால் முகப்பு முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடு போட்டு, ஃபீட் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டச்சுச் செய்யுங்கள். முழுத் தளத்தின் ஓடையும் வந்துவிடும். ஒரு குறிப்பிட்ட பகுப்பு, அதாவது ஒரே வகைப் பதிவுகள் மட்டும் வேண்டுமென்றால், அந்தப் பகுப்பின் பக்கத்தைத் திறந்து அதன் முகவரிக்குப் பின்னால் இதையே செய்யுங்கள். ஓர் அமைப்பு தன் தளத்தில் நிகழ்வு அறிவித்தல், மரண அறிவித்தல், தலைவரின் உரை என எல்லாவற்றையும் கலந்து போடும். பகுப்பு ஓடையை எடுத்தால் நிகழ்வு மட்டும் வரும். பின்னால் மிச்சமாகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான புளொக்கரில் உள்ள வலைப்பூ என்றால் முகவரிக்குப் பின்னால் ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட் என்ற மூன்று சொற்களையும் இடையிடையே சாய்கோடு போட்டு எழுத வேண்டும். வருவது ஆட்டம் வடிவம். குறிச்சொல் ஒன்றுக்கு மட்டும் வேண்டுமானால் அதன் பின் சாய்கோடு, சிறுகோடு, மறுபடி சாய்கோடு, குறிச்சொல்.

யூடியூப் அலைவரிசைகளுக்கும் ஓடை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அலைவரிசையின் அடையாள எண், யூசி என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் 24 எழுத்துக் கோவை. அதைத் தெரிந்துகொண்டால் ஓடை கையில் வந்த மாதிரி. அண்மையில் ஏறிய 15 காணொளிகள் அதில் இருக்கும். அரங்க நிகழ்வுகளைப் பதிவு செய்து ஏற்றும் குழுக்களைப் பின்தொடர இது நல்ல வழி.

இவை எதுவும் பலிக்கவில்லையா? கணினியில் அந்தத் தளத்தைத் திறந்து, கொன்ட்ரோல் விசையுடன் யூ எழுத்தை அழுத்துங்கள். பக்கத்தின் மூலக் குறியீடு தெரியும். அதில் ஆர்எஸ்எஸ் அல்லது ஆட்டம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடுங்கள். ஓடை இருந்தால் அதன் முகவரி பெரும்பாலும் மேல்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். அங்கேயும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பேஸ்புக் பக்கங்களுக்கு இன்று ஓடை கிடையாது. கொழும்பில் கணிசமான அமைப்புகள் பேஸ்புக்கில் மட்டுமே அறிவிக்கின்றன என்பது வருத்தமான உண்மை. அவற்றைக் கண்ணால் பார்த்துக் கையால்தான் எழுத வேண்டும்.

முகவரியை உலாவியில் திறந்ததும் கோண அடைப்புக்குறிகள் நிறைந்த ஒரு பக்கம் வரும். தளம் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதுதான் ஓடை.

உடனே வலைப்பூவில் இணைக்க வேண்டாம்

கண்டெடுத்த ஓடைகளை முதலில் ஒரு வாசிப்புக் கருவியில் போட்டு இரண்டு வாரமாவது வாசித்துப் பாருங்கள். கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 ஆம் திகதியோடு மூடப்பட்டபோது ஓடைகளின் காலமே முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஃபீட்லி, இனோரீடர் இரண்டிலும் இலவசக் கணக்குக் கிடைக்கிறது. தண்டர்பேர்ட் மின்னஞ்சல் நிரலிலும் ஓடைகளை வாசிக்கலாம்.

எந்தத் தளம் எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுதுகிறது, எது நிகழ்வுக்கு முன்பே அறிவிக்கிறது, எது முடிந்த பிறகு படம் மட்டும் போடுகிறது, எது ஒரே அறிவித்தலை மூன்று முறை ஏற்றுகிறது என்பதெல்லாம் இந்த இரண்டு வாரத்தில் பிடிபடும். முடிந்த நிகழ்வை மட்டும் போடுகிற ஓடையால் உங்கள் வாசகருக்குப் பயனில்லை. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், தயங்க வேண்டாம்.

ஓடைக்குள் என்ன வருகிறது

ஒரு பதிவை மட்டும் எடுத்துக் கிட்டத்தில் பார்ப்போம். அதில் ஐந்தாறு புலங்கள் இருக்கும். தலைப்பு, பதிவின் இணைப்பு, சுருக்கம், சில ஓடைகளில் முழு உள்ளடக்கம், வெளியான நேரம், கடைசியாக ஒரு தனி அடையாளம். இந்தக் கடைசிப் புலத்தை யாரும் கவனிப்பதில்லை. ஏற்கனவே வந்த பதிவா புதியதா என்று கருவி முடிவு செய்வது அதை வைத்துத்தான். ஒரு தளம் தன் முகவரியை மாற்றும்போது இந்த அடையாளங்களும் மாறிப்போகலாம். அப்போது பழைய பதிவுகள் எல்லாம் புதியவை போல வரிசையாக வந்து இறங்கும். தானாக வெளியிடும்படி வைத்திருந்தால், போன வருட நாடகத்துக்கு இந்த வருடம் ஆட்களை அனுப்பிவிடுவீர்கள்.

வெளியான நேரம் என்பது பதிவு ஏறிய நேரம். நிகழ்வு நடக்கும் நேரம் ஓடையில் தனிப் புலமாக வராது, பதிவின் உள்ளே எங்காவது ஒரு வரியில் இருக்கும். எனவே ஓடையின் திகதிப்படி அடுக்கினால் அது நிகழ்ச்சி நிரல் ஆகாது.

சுருக்கத்தையும் நம்ப முடியாது. நம்மூர் நூல் வெளியீட்டு அறிவித்தல் எப்படித் தொடங்கும் என்று யோசித்துப் பாருங்கள். மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, ஒவ்வொன்றுக்கும் ஒருவரின் பெயர், பெயருக்கு முன்னால் பட்டங்கள், பின்னால் பதவிகள். வேர்ட்பிரஸ் தானாக வெட்டும் சுருக்கம் வழக்கமாக 55 சொற்கள். அந்த 55 சொற்களும் ஆசியுரைக்கே போதாது. நூலின் பெயரும் இடமும் நேரமும் அதற்குக் கீழே எங்கேயோ இருக்கும். கருவி வெட்டித் தரும் சுருக்கத்தை அப்படியே போட்டால், வாசகருக்கு யார் விளக்கேற்றுகிறார் என்பது தெரியும், எங்கே போக வேண்டும் என்பது தெரியாது. ஆகவே இரண்டு வரிச் சுருக்கத்தை நீங்களே எழுத வேண்டும். என்ன, எங்கே, எத்தனை மணிக்கு, அனுமதி இலவசமா. அவ்வளவுதான்.

கேட்டுவிட்டுப் போடுங்கள்

ஓடை திறந்து கிடக்கிறது என்பதற்காக அதிலுள்ளதை மறுபதிப்புச் செய்ய உரிமை வந்துவிடாது. வாசிப்பதற்காகத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இலங்கையில் இதற்குப் பொருந்துவது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒருவர் எழுதியது எழுதிய கணத்திலிருந்தே அவருடையது. எங்கும் பதிய வேண்டிய தேவையில்லை. பாதுகாப்பு அவரது வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீள்கிறது. வலைப்பூவில் வெறும் பொழுதுபோக்காக எழுதியவருக்கும் இதே பாதுகாப்புத்தான்.

அதே சட்டம் சிலவற்றை வெளியே விட்டிருக்கிறது. சட்ட, நிர்வாக, நீதித்துறை அதிகாரபூர்வ உரைகளுக்குப் பதிப்புரிமை கிடையாது. அன்றாடச் செய்திக்கும் கிடையாது. "அப்படியானால் செய்திக் கட்டுரையை முழுதாக எடுக்கலாமே" என்று அவசரப்பட வேண்டாம். சனிக்கிழமை 5 மணிக்கு ஒரு நூல் வெளியிடப்படுகிறது என்ற தகவல் யாருக்கும் சொந்தமில்லை. அந்த நூலைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து எழுதிய மூன்று பத்திகள் அவருக்குச் சொந்தம். தகவலை எடுத்து உங்கள் சொற்களில் எழுதினால் பெரும்பாலான பிரச்சினைகள் எழவே எழாது.

நியாயமான பயன்பாடு என்ற விலக்கும் சட்டத்தில் இருக்கிறது. எதற்காக எடுத்தீர்கள், எடுத்தது எப்படிப்பட்ட ஆக்கம், எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் மூல ஆக்கத்தின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்று நான்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். விமர்சிப்பதற்காக இரண்டு வரி எடுப்பது ஒன்று, முழுக் கட்டுரையையும் போட்டுவிட்டு அடியில் "நன்றி" என்று எழுதுவது வேறொன்று. நம் தமிழ் இணையத்தில் இந்த "நன்றி" படுகிற பாடு சொல்லி மாளாது. நன்றி சொல்வது நல்ல பழக்கம்தான், ஆனால் அது அனுமதிக்கு ஈடாகாது.

கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வருபவற்றைக் கேட்காமலே எடுக்கலாம், நிபந்தனைகளைப் பார்த்துக்கொண்டால் போதும். தமிழ் விக்கிப்பீடியாவின் உரைகள் அப்படிப்பட்டவை. பெயர் குறிப்பிட வேண்டும், மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். சில தளங்கள் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று போட்டிருக்கும். உங்கள் வலைப்பூவில் கூகுள் விளம்பரம் ஓடினால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மற்ற எல்லோரிடமும் கேளுங்கள். கேட்பது கஷ்டமே இல்லை. இப்படி ஒரு மின்னஞ்சல் போதும்:

"வணக்கம். கொழும்பில் நடைபெறும் தமிழ் நிகழ்வுகளின் விவரங்களைத் திரட்டி ஒரு வலைப்பூவில் வெளியிட இருக்கிறேன். உங்கள் தளத்தில் வரும் அறிவித்தல்களின் தலைப்பை எடுத்து, இரண்டு வரிச் சுருக்கத்தை நானே எழுதி, முழு விவரத்துக்கு உங்கள் பக்கத்தின் இணைப்பைக் கொடுக்க விரும்புகிறேன். படங்களை எடுக்கமாட்டேன். வலைப்பூவில் விளம்பரம் இல்லை. வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் நீக்கிவிடுவேன். சம்மதம் என்றால் ஒரு வரி எழுதுங்கள். நன்றி."

அனேகமாக "தாராளமாப் போடுங்கோ தம்பி, எங்கட பேரை மட்டும் மறக்காமப் போடுங்கோ" என்ற மாதிரிப் பதில் வரும். ஆள் கூட்டத்துக்கு வர வேண்டும் என்றுதான் அவர்களும் பார்க்கிறார்கள். பதிலைப் பத்திரப்படுத்தி வையுங்கள். தொலைபேசியில் சம்மதித்தால், "இன்று பேசியபடி" என்று தொடங்கி ஒரு குறுஞ்செய்தி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். சங்கங்களில் செயலாளர் மாறுவார், புதியவருக்குப் பழைய பேச்சு தெரியாது.

புளொக்கரில் செய்வது

இலவசமாக, தலைவலி இல்லாமல் தொடங்க விரும்பினால் புளொக்கர் போதும். லேஅவுட் பகுதிக்குப் போய், கேட்ஜெட் சேர்க்கும் பொத்தானை அழுத்துங்கள். ஃபீட் என்ற கேட்ஜெட்டில் ஓர் ஓடையின் முகவரியைக் கொடுத்தால் அதன் அண்மைய தலைப்புகள் பக்கப்பட்டியில் தெரியும். வலைப்பதிவுப் பட்டியல் என்று இன்னொரு கேட்ஜெட் இருக்கிறது. அது இன்னும் வசதி. பல தளங்களைச் சேர்க்கலாம், அண்மையில் எழுதியவர் மேலே வரும்படி வைக்கலாம், ஒவ்வொன்றின் கடைசித் தலைப்பையும் காட்டலாம்.

ஓடையில் வருவதைத் தானாகப் பதிவாக மாற்றும் வசதி புளொக்கரில் உள்ளேயே கிடையாது. நான் இதை ஒரு குறையாக நினைக்கவில்லை. பக்கப்பட்டியில் தலைப்புகள் ஓடட்டும். வெள்ளிக்கிழமைதோறும் அவற்றைப் பார்த்து, "இந்த வார இறுதியில்" என்று நீங்களே ஒரு பதிவு எழுதுங்கள். தொடக்கத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பலருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

வேர்ட்பிரஸில் செய்வது

வேர்ட்பிரஸில் ஆர்எஸ்எஸ் என்ற தொகுதி (பிளாக்) ஏற்கனவே இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்து அந்தத் தொகுதியைச் சேர்த்து முகவரியைக் கொடுங்கள். எத்தனை பதிவு, சுருக்கம் வேண்டுமா, திகதி வேண்டுமா என்று பக்கத்திலேயே கேட்கும். மூலத் தளத்தில் புதிதாக ஒன்று ஏறியும் உங்கள் பக்கத்தில் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். வேர்ட்பிரஸ் ஓடையை ஒருமுறை எடுத்தால் வழக்கமாக 12 மணி நேரம் அதையே வைத்திருக்கும்.

ஓடையில் வருவதை உங்கள் தளத்திலேயே பதிவாகச் சேமிக்க வேண்டுமென்றால் செருகுநிரல், அதாவது வேர்ட்பிரஸில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல், தேவை. ஃபீட்வேர்ட்பிரஸ் பழையது, எளிமையானது. ஃபீட்ஸி போன்ற வேறு சிலவும் உண்டு. எதைப் போட்டாலும் முதல் ஓடையைச் சேர்ப்பதற்கு முன்பே அதன் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) மூன்றைத் தேடிப் பிடித்து மாற்றுங்கள்.

வரும் பதிவின் நிலை வரைவாக இருக்க வேண்டும். ஃபீட்வேர்ட்பிரஸை அப்படியே விட்டால் வந்ததும் வெளியிட்டுவிடும். இந்த முழு வழிகாட்டியிலிருந்து ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது, தலைப்பை அழுத்தினால் எங்கே போகும் என்பது. மூலத் தளத்துக்குப் போக வேண்டும். ஃபீட்வேர்ட்பிரஸில் இதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது.

மூன்றாவது பகுப்பு. வந்து சேரும் பதிவுகளுக்கெல்லாம் "திரட்டியவை" என்று ஒரு தனிப் பகுப்பைக் கொடுத்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. உங்கள் வலைப்பூவுக்கும் ஓர் ஓடை உண்டு. நாளைக்கு உங்களை வேறொருவர் திரட்டினால், நீங்கள் திரட்டியவையும் உங்கள் பெயரிலேயே அங்கே போய் இறங்கும். பகுப்புப் பிரித்து வைத்திருந்தால், உங்கள் சொந்த எழுத்துக்கான பகுப்பு ஓடையை மட்டும் அவரிடம் கொடுக்கலாம்.

இன்னொன்று. வேர்ட்பிரஸின் நேர ஒழுங்கு வேலைகள், யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் கண் விழிக்கும். ஆள் வராத புதிய வலைப்பூவில் ஓடை நாள் முழுவதும் புதுப்பிக்கப்படாமல் கிடக்கலாம். காலையில் நீங்களே ஒருமுறை திறந்தால் வேலை நடந்துவிடும்.

நேரமும் எழுத்தும்

அமைப்புகளில் நேர வலயத்தைக் கொழும்பு என்று தெரிவு செய்யுங்கள். ஓடைகளில் நேரம் பெரும்பாலும் கிரீன்விச் கணக்கில் வரும். சனி அதிகாலை 4 மணிக்கு இங்கே ஏறிய ஒரு பதிவு, அங்கே வெள்ளி இரவு 10.30. வலயத்தை மாற்றாமல் விட்டால் திகதியே பிசகிவிடும்.

தமிழ் எழுத்துகளில் ஒரு தனித் தொந்தரவு. சில கருவிகள் சுருக்கத்தைச் சொல் கணக்கில் வெட்டாமல் எழுத்துக் கணக்கில் வெட்டும், இன்னும் சில, கணினிச் சேமிப்பின் அலகான பைட் கணக்கில் வெட்டும். கொழும்பு என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யுனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது 8 குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 24 பைட். ஏழாவது குறியீட்டோடு வெட்டினால் "கொழும்ப" என்று நிற்கும். இருபதாவது பைட்டில் வெட்டினால் "கொழும்" என்பதற்குப் பின்னால் கறுப்புச் சாய்சதுரத்தில் ஒரு கேள்விக்குறி வந்து உட்காரும். இப்படிக் கண்டால் ஓடை பழுது என்று முடிவு கட்டாமல், சுருக்கத்தின் அளவைச் சொற்களில் கொடுக்க முடியுமா என்று அமைப்புகளில் பாருங்கள். முடியாவிட்டால் சுருக்கத்தையே நிறுத்திவிட்டுத் தலைப்பை மட்டும் எடுங்கள்.

பழைய தளங்கள் சில இன்னும் யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவிலேயே இருக்கின்றன. அந்தத் தளத்தில் தமிழாகத் தெரிவது, ஓடை வழியாக உங்களிடம் வரும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாக இருக்கும். சுரதா மாற்றி போன்ற எழுத்துரு மாற்றிகளில் ஒட்டினால் யுனிகோடாகிவிடும். தலைப்பு ஒவ்வொன்றையும் இப்படி மாற்றுவது சலிப்பான வேலை. அந்தத் தளத்தாரிடம் யுனிகோடுக்கு மாறச் சொல்லிக் கேட்பதும் ஒரு வழி, பொறுமை இருந்தால்.

படங்களை விட்டுவிடுங்கள்

ஓடையில் வரும் படத்தை உங்கள் பதிவில் அப்படியே காட்டினால், உங்கள் வாசகர் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது மூலத் தளத்தின் வழங்கியிலிருந்துதான் (சேர்வர்) இறங்கும். செலவு அவர்களுக்கு. அவர்கள் படத்தை மாற்றினால் உங்கள் பக்கத்திலும் மாறும். பிரதி எடுத்து உங்கள் தளத்தில் ஏற்றினால், புகைப்படக்காரரின் உரிமை தனியாக வந்து நிற்கும். அறிவித்தலை எழுதியவர் சம்மதித்தார் என்பதற்காகப் படம் எடுத்தவரும் சம்மதித்ததாக ஆகாது. யூடியூப் காணொளிகளை மட்டும், அவர்களே தரும் உட்பொதிப்பு (எம்பெட்) வசதி மூலம் வைக்கலாம்.

வரைவிலிருந்து வெளியீட்டுக்கு

தினமும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வரைவுகளைத் திறந்து, பொருந்தாதவற்றைக் குப்பைக்கு அனுப்புங்கள். மிச்சமுள்ளவற்றில் தலைப்பைத் திருத்துங்கள். "அனைவரும் வருக!" என்று மட்டும் ஓடையில் வந்த தலைப்பை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. "கவிதை நூல் வெளியீடு, வெள்ளவத்தை, சனி மாலை 5 மணி" என்று மாற்றினால் பார்த்தவுடன் விளங்கும். முதல் வரியிலேயே மூலத் தளத்தின் பெயரும் இணைப்பும் வரட்டும். அடியில் சின்ன எழுத்தில் ஒளித்து வைக்க வேண்டாம். அப்புறம், உங்களுக்குத் தெரிந்தது ஏதாவது இருந்தால் ஒரு வரி சேருங்கள். மண்டபத்துக்கு அருகில் எந்தத் தரிப்பில் இறங்க வேண்டும், வாகனம் நிறுத்த இடம் உண்டா, அன்று போயா விடுமுறை என்பதால் நேரம் மாறக்கூடுமா. உங்கள் வலைப்பூவைத் தேடி ஆள் வரப்போவது இந்த ஒரு வரிக்காகத்தான்.

தேடுபொறியும் இதையேதான் எதிர்பார்க்கிறது. பிற தளங்களின் எழுத்தை, சொந்தமாக எதையும் சேர்க்காமல் மறுபடி வெளியிடுவதைக் கூகுள் தன் ஸ்பாம் கொள்கைகளில் வெளிப்படையாகவே குறிப்பிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட பக்கங்கள் தேடலில் பின்னுக்குத் தள்ளப்படலாம், காணாமலே போகலாம்.

செய்தி ஓடைகளையும் சேர்த்திருக்கிறீர்கள் என்றால் வரைவு நிலை இன்னும் முக்கியம். பரபரப்பான ஒரு நாளில் ஒரு தளம் அவசரமாக ஒன்றைப் போடும், பத்து நிமிடத்தில் நீக்கிவிடும். உங்கள் தளத்தில் தானாக வெளியான பிரதி அங்கேயே இருக்கும், உங்கள் பெயரில். பொய்யான கூற்றுகளை இணையத்தில் பரப்புவது தொடர்பாக 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நாட்டில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. "கருவிதான் போட்டது, நான் பார்க்கவில்லை" என்று விளக்கம் சொல்லும் நிலைக்குப் போக வேண்டாம்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை எல்லா ஓடைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சில தளங்கள் பெயர்ப் பதிவைப் புதுப்பிக்க மறந்துவிடும். அந்த முகவரியை யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவார்கள். ஓடையும் அதே முகவரியில் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். தலைப்புகள் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறினால் சந்தேகப்படுங்கள்.

உங்கள் வலைப்பூவில் தொடர்பு மின்னஞ்சல் ஒன்று கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். யாராவது "எங்கள் பதிவுகளை எடுத்துவிடுங்கள்" என்று எழுதினால் விவாதிக்காமல் அன்றே எடுத்துவிடுங்கள். எடுக்கும் ஒழுங்கு மட்டும் கவனம்: முதலில் அந்த ஓடையைச் செருகுநிரலிலிருந்து நீக்குங்கள், பிறகு பதிவுகளை அழியுங்கள். மாற்றிச் செய்தால், அழித்த பதிவுகள் ஓடையில் இன்னும் இருக்கும்வரை அடுத்த சுற்றில் மறுபடி வந்து சேர்ந்துவிடும். நீக்கியாயிற்று என்று அவருக்கு நீங்கள் பதில் எழுதிய பிறகு அது நடந்தால் தர்மசங்கடம்.